உள்ளதை உள்ளபடி சொல்லுவோம்

(தோட்டப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் நடந்த தவக்கால மாலைக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



மலையில இருந்து இறங்கி, கொழுந்து நிறுத்துக் கொடுத்து, வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். களைப்போடுதான் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் நீட்டி முழக்காமல் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்து விடுகிறேன்.

இது தவக்காலக் கூட்டம். ஆனாலும் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்களும் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். அது எனக்குச் சந்தோஷம். நான் வேதாகமத்தில் இருந்து பேசப் போகிறேன். ஆனால் பேசுகிற விஷயம் எல்லோருக்கும் பொதுவானது. அதுதான் பொய்.

பத்துக் கட்டளைகளில் ஒன்று பொய்ச்சாட்சியைப் பற்றியது. கத்தோலிக்கர்கள் அதை எட்டாவது கட்டளை என்று எண்ணுவார்கள். மற்றச் சபைகளில் பெரும்பாலானோர் ஒன்பதாவது என்று எண்ணுவார்கள். எண்ணுகிற வரிசைதான் வேறு, கட்டளை ஒன்றுதான். அந்தக் கட்டளையைக் கவனித்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். அது பொதுவாகப் பொய்யைப் பற்றி மட்டும் பேசவில்லை. அடுத்த மனுசனுக்கு விரோதமாகச் சொல்லுகிற பொய்யைப் பற்றிப் பேசுகிறது. அதாவது நம்முடைய வாயாலோ கையெழுத்தாலோ இன்னொருவருடைய வாழ்க்கை கெட்டுப் போகக் கூடாது என்பதுதான் அதன் அடிப்படை.

இதற்கு வேதாகமத்திலேயே ஒரு சம்பவம் இருக்கிறது. முதலாம் இராஜாக்கள் புத்தகம், 21ஆம் அதிகாரம். நாபோத் என்று ஒரு மனுசன். அவனுக்கு ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. அது ஆகாப் ராஜாவின் அரண்மனைக்குப் பக்கத்தில் இருந்தது. ராஜா அதைக் கேட்டார். இது பரம்பரைச் சொத்து, தர மாட்டேன் என்று நாபோத் சொன்னான். ராஜா மூஞ்சியைத் திருப்பிக் கொண்டு சாப்பிடாமல் படுத்து விட்டார். அவருடைய ராணி யேசபேல் என்ன செய்தாள்? ராஜாவின் பெயரில் ஒரு கடிதம் எழுதி, ராஜாவின் முத்திரையைக் குத்தி, ஊர்ப் பெரியவர்களுக்கு அனுப்பினாள். இரண்டு பேரைப் பொய்ச்சாட்சி சொல்ல வையுங்கள் என்று அதில் எழுதியிருந்தது. அப்படியே நடந்தது. நாபோத் கடவுளையும் ராஜாவையும் திட்டினான் என்று இரண்டு பேர் சொன்னார்கள். நாபோத்தைக் கல்லெறிந்து கொன்று விட்டார்கள்.

இதில் யார் குற்றவாளி? ராணி என்று சொல்லுவோம். சரிதான். ஆனால் அந்த ஊர்ப் பெரியவர்களை யோசித்துப் பாருங்கள். அவர்களுக்கு நாபோத் அன்னியன் இல்லை, அவர்களுடைய ஊர்க்காரன். அது பொய் என்று அவர்களுக்குத் தெரியும். கடிதத்தில் முத்திரை இருந்தது, அதனால் செய்தார்கள். ஒரு பொய் நடக்க வேண்டுமென்றால் சொல்லுகிற ஒருத்தர் மட்டும் போதாது. அதற்கு முத்திரை குத்துகிறவர் வேண்டும், தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கிற பத்துப் பேர் வேண்டும்.

இந்தக் கதையை நான் பிரசங்கமாகச் சொல்லவில்லை. நானும் அப்படி ஒரு முத்திரை குத்தியவன்.

2005ஆம் வருஷம். நான் இந்த உத்தியோகத்துக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. அப்போது வேறொரு தோட்டத்தில் வேலை. ஒரு நாள் பின்னேரம் ஒரு தகப்பனார் என்னுடைய கந்தோருக்கு வந்தார். கூடவே ஒரு தரகர். தகப்பனாருக்குக் கடன். வீட்டில் அம்மாவுக்குச் சுகமில்லை. மூத்த பிள்ளையைக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்ப ஏற்பாடு பண்ணி விட்டார்கள். அந்த வீட்டுக்காரர்கள் வயது உறுதிப்படுத்தின கடிதம் ஒன்று கேட்கிறார்களாம். பிள்ளைக்கு வயது 12. பதினைந்து என்று எழுதித் தர வேண்டும்.

14 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது என்பது அப்போதே சட்டம். அது எனக்குத் தெரியும். எங்களுடைய பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். "ஐயா, நீங்க ஒரு வரி எழுதினா எங்க குடும்பம் தலை தூக்கும்" என்று அந்த மனுசன் கையெடுத்துக் கும்பிட்டார். நான் எழுதினேன். கையெழுத்துப் போட்டு, ரப்பர் முத்திரையும் குத்தினேன். மறுநாள் ஒரு பை நிறைய லீக்ஸும் கரட்டும் கொண்டு வந்து என் வாசலில் வைத்தார். வாங்கிக் கொண்டேன். ஒரு குடும்பத்துக்கு உதவி செய்தேன் என்றுதான் அன்றைக்கு நினைத்துக் கொண்டேன்.

இரண்டு வருஷம் ஆவதற்கு முன்னாலேயே அந்தப் பிள்ளை திரும்பி வந்தாள். இடது முழங்கைக்குக் கீழே இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு. பேச்சு குறைந்து போயிருந்தது. பள்ளிக்கூடத்துக்குத் திரும்பப் போகவில்லை. தகப்பனாரின் கடனும் தீரவில்லை. நான் அவளைப் பார்க்கப் போகவில்லை. ரோட்டில் கண்டால் வேறு பக்கம் பார்த்துக் கொண்டு போனேன். கொஞ்ச நாளில் எனக்கு இடமாற்றம் வந்தது. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

இந்தக் கதையின் மிச்சத்தைக் கடைசியில் சொல்லுகிறேன்.

நாம் ஏன் பொய் சொல்லுகிறோம்? கெட்டவர்கள் என்பதால் மட்டும் இல்லை. பெரும்பாலும் பயத்தால் சொல்லுகிறோம். பேதுருவைப் பாருங்கள். இயேசுவைப் பிடித்துக் கொண்டு போன ராத்திரி. பிரதான ஆசாரியனின் முற்றத்தில் நெருப்புப் போட்டுக் குளிர் காய்கிறார்கள். நம்முடைய ஊரில் மார்கழிக் குளிரில் லயத்து வாசலில் உட்காருகிற மாதிரி. பேதுருவும் அங்கே நிற்கிறார். ஒரு வேலைக்காரப் பெண் அவரைப் பார்த்து, நீயும் அவரோடு இருந்தவன்தானே என்று கேட்கிறாள். கேட்டது ஜட்ஜ் இல்லை, பொலிஸ் இல்லை, ஒரு வேலைக்காரப் பெண். அவளுக்கே பயந்து மூன்று தரம் மறுதலித்தார். அவருடைய பேச்சு வழக்கே அவர் கலிலேயாக்காரர் என்று காட்டிக் கொடுத்தது. கொழும்புக்குப் போனால் நம்முடைய பேச்சை வைத்தே தோட்டத்து ஆள் என்று கண்டுபிடிக்கிறார்களே, அது போல.

இந்தச் சம்பவத்தை நான்கு சுவிசேஷக்காரர்களும் எழுதி வைத்திருக்கிறார்கள். பேதுரு திருச்சபைக்குத் தலைவர் போல இருந்தவர். அவருடைய வெட்கக் கேட்டை மறைத்திருக்கலாமே. மறைக்கவில்லை. பெரியவர்களுடைய பிழையையும் உள்ளபடி எழுதினால்தான் சின்னவர்களுக்குத் திரும்பி வரத் தைரியம் வரும்.

இப்போது சிலர் கேட்பீர்கள், "ஐயா, நல்லதுக்கு ஒரு பொய் சொன்னா என்ன?" என்று. இது புதுக் கேள்வி இல்லை. கிறிஸ்தவர்கள் பல நூறு வருஷங்களாகக் கேட்கிற கேள்வி. வேதாகமத்திலேயே யாத்திராகமம் முதலாம் அதிகாரத்தில் இரண்டு மருத்துவச்சிகள் வருகிறார்கள். சிப்பிராள், பூவாள் என்று பெயர். எபிரெயப் பெண்களுக்கு ஆண் பிள்ளை பிறந்தால் கொன்று விடுங்கள் என்று எகிப்து ராஜா கட்டளை போட்டான். அவர்கள் கொல்லவில்லை. ஏன் கொல்லவில்லை என்று கேட்டதற்கு, நாங்கள் போவதற்கு முன்னமே பிள்ளை பிறந்து விடுகிறது என்று சொல்லித் தப்பினார்கள். கடவுள் அவர்களுக்கு நன்மை செய்தார் என்றே எழுதியிருக்கிறது.

ஆனால் புனித அகுஸ்தீனார் இதை வேறு விதமாகப் பார்த்தார். அவர் 354ஆம் ஆண்டில் பிறந்தவர், வட ஆபிரிக்காவில் ஹிப்போ என்ற ஊரில் ஆயராக இருந்தவர். பொய்யைப் பற்றியே இரண்டு நூல் எழுதினார். எந்தப் பொய்யும் கூடாது, நல்ல நோக்கத்துக்கும் கூடாது என்பது அவருடைய தீர்ப்பு. மருத்துவச்சிகளுக்குக் கிடைத்த நன்மை அவர்களுடைய இரக்கத்துக்காக, பொய்க்காக இல்லை என்று விளக்கம் சொன்னார். ஃபிர்முஸ் என்ற ஆயர் ஒருவரின் கதையையும் எழுதினார். தன்னிடம் ஓடி வந்த ஒரு மனுசனை அந்த ஆயர் ஒளித்து வைத்திருந்தார். சக்கரவர்த்தியின் ஆட்கள் வந்து கேட்டார்கள். நான் பொய்யும் சொல்ல மாட்டேன், ஆளையும் காட்டிக் கொடுக்க மாட்டேன் என்றார். சித்திரவதை செய்தார்கள். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் சக்கரவர்த்தியே அவருடைய உறுதியைப் பார்த்து அந்த மனுசனுக்கு மன்னிப்புக் கொடுத்தாராம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இரண்டாவது உலக யுத்தக் காலத்தில் பிரான்ஸ் நாட்டில் ல ஷம்போன் என்ற மலைக் கிராமம். அந்தச் சபையின் போதகர் அந்திரே திரொக்மே. ஹிட்லரின் ஆட்கள் யூதர்களைத் தேடிப் பிடித்துக் கொண்டு போன காலம். அந்தக் கிராமத்தாரும் சுற்றுவட்டாரத்தாரும் ஆயிரக்கணக்கான பேரைத் தங்களுடைய வீடுகளில் ஒளித்துக் காப்பாற்றினார்கள். பிள்ளைகள்தான் அதில் நிறைய. அவர்களுக்காகப் பொய்ப் பெயரில் அடையாள அட்டையும் கூப்பன் அட்டையும் செய்து கொடுத்தார்கள். அதற்காகப் பிடிபட்டால் அவர்களுக்கே சிறை, சிலருக்குச் சாவு.

அகுஸ்தீனார் சரியா, மலைக் கிராமத்தார் சரியா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குப் படிப்புப் போதாது. நான் சாதாரண தரம் வரை படித்தவன். ஆனால் எனக்கு ஒன்று விளங்குகிறது. ஃபிர்முஸ் ஆயரும், மருத்துவச்சிகளும், அந்தக் கிராமத்தாரும் ஒரு விஷயத்தில் ஒரே மாதிரி. பலவீனமான உயிரைக் காப்பாற்றினார்கள், அதற்கான விலையைத் தங்கள் தலையில் போட்டுக் கொண்டார்கள். நானும் ஒரு பொய்க் கடிதம் எழுதினேன், அவர்களும் பொய்க் கடதாசி செய்தார்கள். அவர்களுடைய கடதாசி பிள்ளையைக் காப்பாற்றியது. என்னுடைய கடதாசி பிள்ளையைக் காட்டிக் கொடுத்தது. விலையைக் கட்டினது நான் இல்லை, 12 வயதுப் பிள்ளை.

ஆகையால் "நல்லதுக்குத்தானே" என்று மனசு சொல்லும்போது ஒரு கேள்வி கேளுங்கள். இந்தப் பொய்க்கு யார் விலை கட்டப் போகிறார்கள்? நூற்றில் தொண்ணூற்றொன்பது தரம், அந்த இடத்தில் இல்லாத யாரோ ஒருவர், அல்லது பேச முடியாத ஒருவர்தான் கட்டுவார்.

இனி நம்முடைய அன்றாடக் காரியத்துக்கு வருவோம்.

முதலாவது, தராசு. கள்ளத் தராசைப் பற்றி வேதாகமம் பல இடங்களில் பேசுகிறது. லேவியராகமம் 19இல் சரியான தராசும் சரியான படிக்கல்லும் வேண்டும் என்று கட்டளை இருக்கிறது. ஆமோஸ் தீர்க்கதரிசி கள்ளத் தராசு வைத்த வியாபாரிகளைக் கடுமையாகக் கண்டித்தார். அவர் அரண்மனை ஆள் இல்லை. ஆடு மேய்த்து, அத்தி மரம் பராமரித்த உழைப்பாளி. தராசு ஏழையின் வயிற்றைத் தொடும் என்று அவருக்குத் தெரியும். கொழுந்து மடுவத்தில் நிறுக்கிறவர்கள் முள் காட்டுகிற கணக்கை உள்ளபடி எழுத வேண்டும். கூடைக்கு, தண்ணிக்கு என்று கழித்தால் எவ்வளவு கழிக்கிறோம் என்று வாய் விட்டுச் சொல்ல வேண்டும். அதே மாதிரி, கூடைக்கு அடியில் முற்றின இலையை வைத்து மேலே நல்ல கொழுந்தைப் பரப்புவதும் கள்ளத் தராசுதான். இரண்டு பக்கத்துக்கும் ஒரே சட்டம். நாம் நேர்மையாக இருந்தால்தான் மற்றவரிடம் நேர்மை கேட்க நமக்கு வாய் இருக்கும்.

இரண்டாவது, கடதாசி. பெயர், பிறந்த திகதி, இந்த இரண்டிலும் பொய் போடாதீர்கள். சேமலாப நிதிக்கு உங்களுடைய சம்பளத்தில் 8 வீதம் வெட்டுகிறார்கள், நிர்வாகம் 12 வீதம் போட வேண்டும். அது உங்களுடைய காசு. அந்தக் காலத்தில் சீக்கிரம் பேர் பதிய வேண்டும் என்று வயதைக் கூட்டிப் போட்டவர்கள், வயதான காலத்தில் அடையாள அட்டையில் ஒரு திகதி, பதிவில் ஒரு திகதி என்று அலைந்து திரிகிறதை நான் கண்ணால் பார்க்கிறேன். ஒரு நிமிஷத்தில் எழுதின பொய், பத்துத் தரம் பஸ் ஏறி இறங்க வைக்கிறது. பிழை இருந்தால் இப்போதே என்னிடம் வாருங்கள். திருத்துவதற்கு வழி இருக்கிறது.

மூன்றாவது, வீடு. நுண்கடன் காசு வாங்க ஆள் வருகிறார். அம்மா கதவுக்குப் பின்னால் நிற்கிறார். ஏழு வயதுப் பிள்ளையை வாசலுக்கு அனுப்பி, "அம்மா வீட்டுல இல்லேன்னு சொல்லு" என்கிறோம். உங்கள் கஷ்டம் எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை அன்றைக்கு இரண்டு பாடம் படிக்கிறது. பொய் சொன்னால் தப்பலாம் என்பது ஒன்று. என் அம்மா பயந்தவள் என்பது இன்னொன்று. கதவைத் திறந்து, "இந்தக் கிழமை முடியாது, இவ்வளவுதான் இருக்கு, எழுதிக் கொண்டு போங்க" என்று சொல்லுங்கள். தனியாகச் சொல்லப் பயம் என்றால் இரண்டு மூன்று பேராக நில்லுங்கள். என்னையும் கூப்பிடுங்கள், நான் வந்து நிற்கிறேன். உண்மை பேசுகிறவருக்குத் துணை வேண்டும். துணை இல்லாததால்தான் ஏழைகள் பொய் சொல்லுகிறார்கள்.

இயேசு மலைப் பிரசங்கத்தில் சத்தியம் பண்ணுவதைப் பற்றிப் பேசினார். சத்தியம் பண்ணித்தான் நம்ப வைக்க வேண்டும் என்ற நிலைமையே வரக் கூடாது, சாதாரணமாகச் சொல்லுகிற சொல்லே போதுமானதாக இருக்க வேண்டும் என்பது அவருடைய போதனை. நாம் பிள்ளை மேல் சத்தியம், சாமி மேல் சத்தியம் என்று தலையில் அடித்துச் சத்தியம் பண்ணுகிறோம். ஏன்? நம்முடைய வெறும் சொல்லுக்கு மதிப்புக் குறைந்து விட்டது.

சரி, சொல்லிவிட்ட பொய்யை என்ன செய்வது? சகேயுவைப் பாருங்கள். வரி வசூலித்து ஜனங்களை ஏமாற்றினவன். இயேசு அவன் வீட்டுக்கு வந்தபோது அவன் வாயால் மன்னிப்புக் கேட்டு நிறுத்தவில்லை. சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பேன், ஏமாற்றினதை நாலு மடங்காகத் திருப்பித் தருவேன் என்று எழுந்து நின்று எல்லோருக்கும் முன்னால் சொன்னான். மனஸ்தாபம் என்றால் அதுதான். கோயிலில் அழுதால் மட்டும் போதாது. யாருக்குக் கெடுதி செய்தோமோ அவருடைய வாசலுக்குப் போக வேண்டும்.

இப்போது என் கதையின் மிச்சம்.

அந்தப் பிள்ளை இன்றைக்கு ஒரு தாய். நான் இப்போது பார்க்கிற டிவிசன்களில் ஒன்றுக்குத்தான் வாழ்க்கைப்பட்டு வந்திருக்கிறாள். போன வருஷம் தன்னுடைய மகளை முதலாம் வகுப்பில் சேர்க்க ஒரு கடிதம் வாங்க என்னிடம் வந்தாள். எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. படிவத்தை என் முன்னால் வைத்து, "ஐயா, என் மகளுக்குச் சரியான வயசைப் போடுங்க" என்றாள். கையை நீட்டினபோது தழும்பைப் பார்த்தேன்.

எனக்குப் பேனை ஓடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அன்னைக்கு அந்தக் கடிதத்தை எழுதினது நான்தான், அது பொய்யின்னு தெரிஞ்சேதான் எழுதினேன், என்னை மன்னிச்சிரும்மா" என்றேன். அவள், "எனக்குத் தெரியும் ஐயா. அந்த வீட்டுல யாரு வந்து கேட்டாலும் பதினஞ்சுன்னு சொல்லச் சொன்னாங்க. நானும் அப்படித்தான் சொன்னேன். அத நெனச்சா எனக்கும்தான் வெக்கமா இருக்கு" என்றாள்.

தாய்மாரே, அந்தச் சொல் என்னை இன்னும் விடவில்லை. பொய் எழுதினது நான். முத்திரை குத்தினது நான். வெட்கத்தைச் சுமந்தது அவள். மன்னித்தேன் என்று அவள் வாயால் சொல்லவில்லை. நானும் கேட்டு நெருக்கவில்லை. படிவத்தில் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைப் பார்த்துச் சரியான திகதியை எழுதிக் கொடுத்தேன். இந்தக் கதையை உங்களிடம் சொல்லலாமா என்று போன கிழமை அவளிடமே கேட்டேன். "பேரச் சொல்லாம சொல்லுங்க. இன்னொரு பிள்ளை போகாம இருந்தா சரி" என்றாள். அதனால்தான் இன்றைக்கு இதைச் சொல்லுகிறேன்.

2021ஆம் ஆண்டு சட்டம் மாறியது. இப்போது 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைக்க முடியாது. யாராவது வந்து வயதைக் கூட்டி எழுதித் தரச் சொன்னால் நான் எழுத மாட்டேன். கும்பிட்டாலும் எழுத மாட்டேன். கோபித்துக் கொள்ளாதீர்கள். ஆனால் கடன் என்று, வருத்தம் என்று வந்தால் கதவைச் சாத்த மாட்டேன். வேறு வழி என்ன இருக்கிறது என்று சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். அன்றைக்கு அந்தத் தகப்பனாருக்கு நான் செய்திருக்க வேண்டியது அதுதான். பொய் எழுதுவது லேசாக இருந்தது, கூட நடப்பது கஷ்டமாக இருந்தது. லேசானதைச் செய்தேன். எங்கேயாவது ஒரு பிள்ளை வேலைக்குப் போய்க் கஷ்டப்படுகிறது என்று தெரிந்தால், சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு ஒரு அழைப்பு எடுங்கள். தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கிற நாபோத்தின் ஊர்ப் பெரியவர்களாக நாம் இருக்க வேண்டாம்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் சொன்ன ஒரு பொய்யை நினைத்துப் பாருங்கள். அதற்கு விலை கட்டினது யார் என்று கேளுங்கள். அவர் பக்கத்துக் காம்பராவில் இருந்தால், நாளைக்கு மலைக்குப் போகிற வழியில் ஒரு வார்த்தை பேசுங்கள். எனக்கு இருபது வருஷம் பிடித்தது. உங்களுக்கு அவ்வளவு காலம் வேண்டாம்.

 கடவுள் உங்கள் பிள்ளைகளைக் காப்பாராக.